நல்ல ஸ்பேனரை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டு மெக்கானிக் வேலை தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய தண்ணீர் பம்பு ஒன்றைக் கழற்ற உட்கார்ந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூடியில் ஆறு போல்ட்டுகள். ஐந்து சுலபமாக வந்துவிட்டன. ஆறாவதில் ஸ்பேனர் சரக்கென்று வழுக்கியது. ஆறு பட்டையாக இருந்த தலை மழுங்கி உருண்டையாகிவிட்டது. அந்த ஒரு போல்ட்டை வெளியே எடுக்க இரண்டு நாள் பிடித்தது. அரத்தால் தேய்த்துப் புதிதாகப் பட்டை எடுத்துப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் டிரில் போட்டபோது உள்ளே இருந்த மரையும் சேர்ந்து போய்விட்டது.

அந்த ஸ்பேனரின் வாயை அப்புறம் வெர்னியரில் (மில்லிமீட்டரின் சிறு பங்கையும் காட்டும் அளவுகருவி) அளந்தேன். 13 என்று பொறித்திருந்தது, வாய் 13.6 மி.மீ. அகலம். ஸ்பேனருக்கு ஒரு கீறல்கூட இல்லை, பம்புதான் பாழானது. அன்றிலிருந்து எந்தக் கைக்கருவியை எடுத்தாலும், அது போல்ட்டையோ ஸ்க்ரூவையோ எவ்வளவு சரியாகக் கவ்வுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். மட்டமான கருவி உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அது கெடுத்துவைத்த மரையை மீட்பதுதான் பெரும்பாடு.

முதலில் ஒரு கணக்கெடுப்பு

கடைக்குப் போகும் முன், நீங்கள் கழற்றப்போகிற பொருள்களை ஒரு சுற்று பாருங்கள். சைக்கிள், மின்விசிறி, தையல் இயந்திரம், பம்பு, இருசக்கர வண்டி, கதவுக் கீல், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றிலும் எந்த மாதிரித் தலை இருக்கிறது, என்ன அளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் வெர்னியர் ஒன்று இருந்தால் போதும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி குழம்புவது ஒன்று உண்டு. எம்8 போல்ட் என்றால் அதன் மரையின் வெளிவிட்டம் 8 மி.மீ. ஸ்பேனர் அளவு அது இல்லை. தலையின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே உள்ள அகலம்தான் ஸ்பேனர் அளவு. பெரும்பாலும் எம்5-க்கு 8, எம்6-க்கு 10, எம்8-க்கு 13 மி.மீ. ஸ்பேனர் வரும். எம்10-க்கு பழைய ஜெர்மன் தரப்படி 17, புதிய சர்வதேசத் தரப்படி 16. எம்12-க்கு அதேபோல 19 அல்லது 18. ஜப்பானிய வண்டிகளில் எம்8-க்கு 12, எம்10-க்கு 14 வருவது சகஜம். அதனால் ஊகித்து வாங்காமல் அளந்து வாங்குங்கள்.

சில பழைய இயந்திரங்களில் அங்குல அளவு போல்ட்டுகள் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் உட்காரத்தான் செய்யும், ஆனால் தளர்வாக உட்காரும். லேசான இறுக்கத்துக்குத் தாங்கும். துருப்பிடித்த போல்ட்டில் போட்டால் தலை போய்விடும்.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கெடுப்பை முடித்தால், நிஜமாகத் தேவைப்படுவது ஏழெட்டு ஸ்பேனர் அளவுகள்தான் என்று தெரியவரும்.

உலோகத்தைப் பற்றித் தெரிய வேண்டியது

கருவியின் உடம்பில் ‘குரோம் வனேடியம்’ என்பதன் சுருக்கக் குறி பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஃகில் சிறிதளவு குரோமியமும் வனேடியமும் கலந்த உலோகக் கலவை அது. நல்ல பொருள்தான். ஆனால் அந்தக் குறி மட்டும் தரத்துக்குச் சாட்சி ஆகாது. அதே எஃகைச் சரியாகச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் வைக்காவிட்டால் ஒன்று வளையும், இல்லை கண்ணாடி மாதிரி உடையும். மேலே இருக்கும் பளபளப்பு வேறு சங்கதி. அது துருவைத் தடுக்கும் குரோம் முலாம், உள்ளே இருக்கும் எஃகைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கடினத்தை ராக்வெல் சி என்ற அளவுகோலில் சொல்வார்கள். நல்ல ஸ்பேனர் சுமார் 40 முதல் 48 வரை இருக்கும். கட்டிங் பிளேயரின் வெட்டும் விளிம்பு 60-ஐ ஒட்டி இருக்கும். கடினம் கூடினால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பேனருக்குக் கொஞ்சம் இழுபடும் தன்மையும் வேண்டும். அளவுக்கு மேல் அழுத்தினால் அது படாரென்று உடையாமல் முதலில் லேசாக விரிய வேண்டும். கையைக் காப்பாற்றுவது அந்தத் தன்மைதான்.

இன்னொரு குறி ‘டிராப் ஃபோர்ஜ்டு’, அதாவது சூடாக்கிய எஃகை அச்சுக்குள் வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்கியது என்பதைச் சொல்வது. இந்த முறையில் எஃகின் இழை கருவியின் வடிவத்தோடு சேர்ந்து ஓடும். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த ஸ்பேனர் முழுக்க ஒரே தடிமனாக, தட்டையாக இருக்கும். சைக்கிள் பெட்டியோடு இலவசமாக வருவது பெரும்பாலும் அந்த ரகம். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பி இறங்கக் கூடாது.

ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி

கடைக்குப் போகும்போது எம்6, எம்8, எம்10 புது போல்ட் ஒவ்வொன்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் போகிறேன். ஸ்பேனரின் வாயில் போல்ட்டை வைத்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் அசைவு இருக்கத்தான் செய்யும், இல்லாவிட்டால் உள்ளேயே நுழையாது. கடகடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். 13 மாதிரியான சிறிய அளவுகளில், நல்ல ஸ்பேனரின் வாய் குறித்த அளவைவிடச் சுமார் கால் மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்காது.

அப்புறம் வாயின் இரண்டு தாடைகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டும் இணையாக, கடைந்தெடுத்த மாதிரி சீராக இருக்க வேண்டும். முலாம் வாய்க்குள் திட்டுத்திட்டாகக் கட்டியிருக்கக் கூடாது. விளிம்புகளில் விரலை மெதுவாக ஓட்டினால் பிசிறு தட்டக் கூடாது. முலாமில் கொப்புளம் இருந்தால் அது பிற்பாடு உரியும். உரிந்த முலாம் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். அளவு எண் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெயிண்டில் அச்சடித்த எண் ஆறு மாதத்தில் அழிந்துவிடும்.

முதன்முதலாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது காம்பினேஷன் ஸ்பேனர். ஒரு முனை திறந்த வாய், மறுமுனை வளையம், இரண்டும் ஒரே அளவு. வளையம் போல்ட்டின் எல்லா மூலைகளையும் சுற்றிப் பிடிக்கும். திறந்த வாய் இரண்டு பட்டைகளை மட்டுமே பிடிக்கும். ஆகவே இறுகிய போல்ட்டை முதலில் வளையத்தால் அசைத்துவிட்டு, தளர்ந்த பிறகு திறந்த வாயால் வேகமாகச் சுற்றலாம். முனைகளை மாற்றிப் போட்டால்தான் தலை மழுங்கும்.

திறந்த வாய் கைப்பிடியோடு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். இடுக்கில் வேலை செய்யும்போது ஸ்பேனரைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 டிகிரி நகர இடம் இருந்தாலே போல்ட்டைச் சுற்றிவிடலாம். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ இடுக்குகளில் அது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

சிறிய ஸ்பேனர் குட்டையாகவும் பெரியது நீளமாகவும் இருப்பதற்கும் காரணம் உண்டு. சாதாரண ஒரு கையின் இழுப்பு, அந்த அளவு போல்ட் தாங்கும் முறுக்குக்குள் அடங்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். கைப்பிடியில் குழாயைச் சொருகி நீட்டினால் அந்தக் கணக்கு தப்பிவிடும், போல்ட் அறுந்துவிடும்.

சாக்கெட்டும் ராட்செட்டும்

சாக்கெட் என்பது போல்ட்டின் தலைமேல் தொப்பி மாதிரி மாட்டும் குழல். ராட்செட் அதைத் திருப்பும் கைப்பிடி; ஒரு பக்கம் திருப்பினால் பிடிக்கும், மறுபக்கம் சொடக்கிக்கொண்டு சும்மா நகரும். சாக்கெட்டை மாட்டும் சதுர முனை மூன்று அளவுகளில் வீட்டு வேலைக்கு வரும்: கால் அங்குலம், அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு (சுமார் 9.5 மி.மீ.), அரை அங்குலம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுவில் உள்ள 9.5 மி.மீ. முனையை எடுங்கள். 8 முதல் 19 வரையான போல்ட்டுகளுக்கு அது ஒத்துவரும்.

சாக்கெட்டின் உள்ளே பாருங்கள். ஆறு மூலை உள்ளதும் உண்டு, பன்னிரண்டு மூலை உள்ளதும் உண்டு. ஆறு மூலைதான் வாங்குங்கள். பன்னிரண்டு மூலை எந்தக் கோணத்திலும் சட்டென்று உட்காரும், ஆனால் போல்ட்டின் மூலைக்கு அருகே குறைந்த பரப்பில் அழுத்தும். தேய்ந்த தலையில் அது வழுக்கும். நல்ல சாக்கெட்டில் உள்மூலைகளைச் சற்றே குடைந்து வளைத்திருப்பார்கள். போல்ட்டின் மூலையில் விசை படாமல் பட்டையில் பட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. வாயின் விளிம்பில் பெரிய சரிவு இருந்தாலும் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட சாக்கெட் மெல்லிய நட்டைப் பாதிதான் கவ்வும்.

ராட்செட்டில் பற்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு சொடக்குக்கும் கைப்பிடி 15 டிகிரி நகர வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். கையில் வாங்கி விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் ஒரே சீராகச் சொடக்க வேண்டும், தலை ஆடக் கூடாது. இறுகிய போல்ட்டை முதலில் அசைத்துத் தளர்த்த ராட்செட்டைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு வளைய ஸ்பேனரோ, பல் இல்லாத நீளக் கம்பிக் கைப்பிடியோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ டிரைவர்

அதிகமான ஸ்க்ரூக்கள் பாழாவது தப்பான ஸ்க்ரூ டிரைவரால்தான். நாம் பொதுவாக ‘ஸ்டார்’ என்று சொல்வது ஒரே வகை கிடையாது. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் வகை ஒன்று. சிலுவைக்கு இடையே 45 டிகிரியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போஸிடிரைவ். பார்க்கப் பிலிப்ஸ் மாதிரியே இருந்து, தலையில் சின்னப் புள்ளி ஒன்று வைத்திருந்தால் பெரும்பாலும் ஜப்பானியத் தர ஸ்க்ரூ. பிலிப்ஸ் முனை அதன் அடிவரை போய் உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும். பழைய ஜப்பானிய வண்டிகளின் இன்ஜின் மூடி ஸ்க்ரூக்கள் பல இப்படித்தான் மழுங்கிப்போயிருக்கின்றன. ஆறு இதழ் நட்சத்திரக் குழி தனி வகை, அது டார்க்ஸ்; அதற்கு அதன் முனையேதான் வேண்டும்.

பிலிப்ஸில் 0, 1, 2, 3 என்று எண்கள் உண்டு. வீட்டில் பத்தில் ஏழெட்டு ஸ்க்ரூக்களுக்கு 2-ஆம் எண் போதும். அதனால் மற்றதில் சிக்கனம் பிடித்தாலும் இந்த ஒன்றில் பிடிக்க வேண்டாம். முனையை ஸ்க்ரூவில் வைத்துக் கையை விட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ கிடைமட்டமாக இருந்தாலும் நல்ல முனை கொஞ்ச நேரமாவது தானாக நிற்கும். தொளதொளவென்று தொங்கினால் அளவோ வடிவமோ சரியில்லை. காந்தம் வைத்த முனை இந்தச் சோதனையில் ஏமாற்றும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டை முனை என்றால், அதன் அகலம் ஸ்க்ரூ தலையின் விட்டத்தை ஒட்டியும், தடிமன் காடியை நிரப்புவதாகவும் இருக்க வேண்டும். தடிமனைத்தான் பலரும் பார்ப்பதில்லை. கைப்பிடியைப் பொறுத்தவரை, எண்ணெய்க் கையோடு பிடித்தால் வழுக்குமா என்று யோசித்துப் பாருங்கள். தண்டில் கைப்பிடிக்குக் கீழே ஆறு பட்டையாக ஒரு பகுதி இருந்தால் ஸ்பேனரை மாட்டிக் கூடுதல் முறுக்கு கொடுக்கலாம்.

அலன் கீ

தலையில் ஆறு பட்டைக் குழி உள்ள போல்ட்டைத் திருப்புவது இது. பார்க்க வெறும் வளைந்த கம்பிதானே என்று இதில்தான் எல்லாரும் மட்டமானதை வாங்குகிறார்கள். நான் மாறாகச் சொல்வேன்: முதலில் நல்லதாக வாங்க வேண்டியது இதைத்தான். போல்ட்டின் குழி சின்னது. கீயின் மூலை அரை மயிரிழை மழுங்கியிருந்தாலும் குழி வட்டமாகிவிடும், அதற்கப்புறம் வெளியிலிருந்து பிடிக்க எதுவும் இல்லை. உருளைத் தலை போல்ட்டில் எம்4-க்கு 3, எம்5-க்கு 4, எம்6-க்கு 5, எம்8-க்கு 6 மி.மீ. கீ. குடை மாதிரி வளைந்த தலையில் எம்6-க்கே 4-தான், அதனால் இன்னும் கவனம் தேவை.

முனை வெட்டு தட்டையாக, மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உருண்டை முனை வைத்த கீ, சாய்வாக நுழைத்துச் சுற்றுவதற்கு மட்டும். அதன் கழுத்து மெலிந்தது. இறுக்கவும் இறுகியதை அசைத்துத் தளர்த்தவும் எப்போதும் மறுமுனையைப் பயன்படுத்துங்கள். குழிக்குள் மண்ணோ பெயிண்டோ இருந்தால் ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, கீயை அடிவரை செருகிய பிறகே திருப்புங்கள்.

பிளேயர்

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு இடையே வெளிச்சம் கசியக் கூடாது. மெல்லிய தாள் ஒன்றை விளிம்பின் நுனியிலும் அடியிலும் வெட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் சுத்தமாக அறுபட வேண்டும். மூட்டு பக்கவாட்டில் ஆடக் கூடாது, அதே சமயம் தானாகத் திறக்கும் அளவுக்கு இலகுவாக இருக்க வேண்டும்.

கைப்பிடியில் வண்ணப் பிளாஸ்டிக் உறை இருப்பதால் அது மின்சாரத்திலிருந்து காக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற அளவும் இருக்கும். அந்தக் குறி இல்லாத உறை பிடிமானத்துக்கு மட்டுமே. குறி இருந்தாலும் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, டெஸ்டரால் சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இதில் ஒருபோதும் அவசரம் கூடாது.

பிளேயரால் நட்டு, போல்ட் திருகும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள்.

மற்றவை

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று வீட்டில் இருக்கலாம். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் பெட்டர் யோஹான்சன் அதன் இன்றைய வடிவத்தை 1890-களில் கொண்டுவந்தார். நகரும் தாடை எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்தே தரம் தெரிந்துவிடும். திருப்பும்போது அழுத்தம் நகராத தாடையில் விழும்படி பிடியுங்கள்.

சுத்தியலில் பிடி தலைக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். உருண்டை முனைச் சுத்தியல், அரைக்கிலோவுக்குள் போதும். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்காதீர்கள். இரண்டும் கடினமான முகம், சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். ஹேக்சா பிளேடில் அங்குலத்துக்கு 24 பல் பொது வேலைக்கு, மெல்லிய தகட்டுக்கும் குழாய்க்கும் 32. எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்தில் பட வேண்டும், பற்கள் முன்னோக்கி இருக்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் இப்போதைக்குத் தேவையா?

போல்ட்டைக் குறித்த முறுக்கு அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் கருவி இது. இன்ஜினையோ சைக்கிளின் கார்பன் பாகங்களையோ தொடாதவரை அவசரமில்லை. ஆனால் அலுமினியத்தில் இறங்கும் போல்ட்டுகளைத் திரும்பத் திரும்பக் கழற்றுபவர் என்றால் வாங்கிவிடுங்கள். சாதாரண 8.8 தர (வலிமையைக் குறிக்கும் எண்) எம்6 போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கின் அலகு), எம்8-க்குச் சுமார் 25. கைப்பிடியை 13 செ.மீ. தள்ளிப் பிடித்து எட்டுக் கிலோ அளவுக்கு இழுத்தாலே 10 வந்துவிடும். பழகாத கை எம்6-ஐ எவ்வளவு சுலபமாக அறுத்துவிடும் என்பது இதிலிருந்தே புரியும். உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

உங்களுக்கு அதிகம் தேவைப்படும் முறுக்கு, ரெஞ்சின் அளவுகோலில் நடுவே விழும்படி பார்த்து வாங்குங்கள். அதைக் கொண்டு போல்ட்டைத் தளர்த்தக் கூடாது. குறித்த முறுக்கு வந்ததும் சொடக்கும் வகை என்றால், வேலை முடிந்ததும் அளவை அதன் மிகக் குறைந்த குறிக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஸ்பிரிங் இறுகியபடியே கிடந்தால் அளவு தவறிப்போகும். வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 5000 சொடக்குக்கு ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம்.

செட்டா, தனித்தனியா?

நூற்றுச் சொச்சம் உருப்படிகள் கொண்ட பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் சின்னச் சின்ன ஸ்க்ரூ முனைகளாக இருக்கும். ஸ்பேனரையும் அலன் கீயையும் செட்டாக வாங்குவதில் தவறில்லை, அளவு விடுபடாமல் கிடைக்கும். மற்றவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்குங்கள். முதல் சுற்றில் 8 முதல் 19 வரை காம்பினேஷன் ஸ்பேனர், 2 முதல் 8 வரை அலன் கீ, பிலிப்ஸ் 1-ஆம், 2-ஆம் எண், இரண்டு தட்டை முனை, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு நோஸ் பிளேயர், ஒரு சுத்தியல். சாக்கெட் செட் இரண்டாம் சுற்றில். அதற்குப் பிறகு, ஒரு வேலை இரண்டாவது முறையாக ஒரு கருவியைக் கேட்டால் மட்டும் அதை வாங்குங்கள்.

பழைய கருவிகளை ஒதுக்க வேண்டாம். நல்ல பதத்தில் செய்த ஸ்பேனர், மேலே துரு படிந்திருந்தாலும் தேய்த்துத் துடைத்தால் பல வருடம் உழைக்கும். வாய் விரிந்திருக்கிறதா, வளையத்தின் உள்மூலை மழுங்கியிருக்கிறதா, எங்காவது மயிரிழை விரிசலோ வெல்டிங் வைத்த தடமோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் சட்டைப்பை போல்ட்டுகள் இங்கேயும் உதவும்.

வாங்கி வந்த பிறகு

வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். ராட்செட்டுக்குள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு இலகுவான எண்ணெய். பேட்டரி அருகே கருவிகளைப் போட்டுவைக்காதீர்கள், அமில ஆவி முலாமைத் தின்னும். துருப்பிடித்த போல்ட் என்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுத்திருங்கள். மறுநாள் வளைய ஸ்பேனரை முழுதாக உட்காரவைத்து, முடிந்தவரை உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்; போல்ட் திடீரென்று விட்டாலும் விரல் முட்டிகள் எதிலும் மோதாது.